'ஃபுல் மூன்': பெண்களின் பனிச்சறுக்குப் படம் ஒன்றின் குணமும் குற்றமும்

பனிமலைச் சரிவுகளில், ஒற்றைப் பலகையின்மேல் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு, எழும்பியும் சுழன்றும் சறுக்கியும் இறங்குகின்ற ஸ்னோபோர்டிங் என்னும் விளையாட்டைப் பற்றி ஆண்டுதோறும் வெளிவருகின்ற படங்களை, சினிமாவை ஒரு சாஸ்திரமாகக் கருதி ஆராய்கின்றவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவற்றில் கதை கிடையாது, பாத்திரங்கள் கிடையாது, ஒருவர் இறங்குகிறார், மறைகிறார், மற்றொருவர் வருகிறார், பின்னணியில் இசை ஒலிக்கிறது என்பது பொதுவான அபிப்பிராயம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அந்த விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களுக்கு, அத்தகைய படத்தில் கிடைக்கும் மூன்று நான்கு நிமிஷங்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்ததற்கு அதுவே சாட்சி. அடுத்த ஆண்டு எந்தக் கம்பெனி பலகையும் பணமும் தரும் என்பதை நிர்ணயிப்பது அது. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி எதைத் தனக்குச் சாத்தியம் என்று எண்ணத் துணிகிறாள் என்பதையும் ஓரளவு அதுவே நிர்ணயிக்கிறது. ஆகவே அத்தகைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நிறுத்தி, எது மிகுந்து நிற்கிறதென்று பார்ப்பது வீண் வேலையாகாது.

இங்கே எடுத்துக்கொள்ளும் படம் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபுல் மூன்'. இரண்டு குளிர்காலங்களின் உழைப்பில் உருவான இதனை முன்னின்று நடத்தி இயக்கியவர் லியான் பெலோசி என்னும் கனடா நாட்டு வீராங்கனை. அவருடன் ஹானா பீமன், ரோபின் வான் கின், மரீ-பிரான்ஸ் ருவா, அன்னி பூலாஞ்ஜே, ஹெலன் ஷெட்டினி, ஜேமி ஆண்டர்சன் ஆகியோரும் சேர, எழுவர் இதில் சறுக்குகின்றனர், எழுவரும் பெண்கள். அதே ஆண்டில், ரெட் புல் நிறுவனம் டிராவிஸ் ரைஸ் என்பவரை நாயகராக வைத்து 'தி ஃபோர்த் ஃபேஸ்' என்ற பிரம்மாண்டமான படம் ஒன்றை வெளியிட்டது. அதன் முதன்மை வீரர்கள் யாவரும் ஆண்களே. ஆனால் அதனை 'ஆண்கள் மட்டுமே பங்குகொண்ட படம்' என்று விளம்பரம் செய்யவேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை. ஒன்று வெறும் படமாகவும் மற்றொன்று பெண்கள் படமாகவும் பெயர் பெற்றதிலிருந்தே நம் ஆராய்ச்சி தொடங்குகிறது.

முதலில் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். 1965ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில் வாழ்ந்த ஷெர்மன் பாப்பன் என்னும் பொறியியலாளர், வீட்டில் ஆரவாரம் செய்துகொண்டிருந்த தம் பெண் குழந்தைகளை வெளியே அனுப்பி விளையாடவைப்பதற்காக, இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அவர் மனைவி நான்சி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயரிட்டார். இன்றைய ஸ்னோபோர்டின் மூதாதை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பலகை அதுதான். அதாவது, இந்த விளையாட்டின் முதற்பலகை பெண் குழந்தைகளின் கால்களுக்காகவே பிறந்தது. ஆயினும், 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் பலகை உற்பத்தியைத் தொழிலாகத் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியபோது, பத்திரிகை அட்டைகளிலும் வீடியோக் கேஸட்டுகளிலும் இளைஞர்களின் உருவமே நிறைந்திருந்தது. பெண்களின் காலுக்கும் உடல் எடைக்கும் ஏற்ற பலகை கடைக்கு வருவதற்கு 1990களின் நடுப்பகுதி ஆகவேண்டியிருந்தது. ஷானன் டன், டீனா பாசிச் என்னும் இரு வீராங்கனைகளின் பெயர் தாங்கி அப்போது வெளிவந்த பலகைகள், பெண்களும் காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்களே என்ற எளிய உண்மையைக் கம்பெனிகளுக்கு அறிவித்தன.

போட்டி மைதானத்தில் நிலைமை சற்று விரைவாகவே சீர்பட்டது. 1998இல் ஜப்பானின் நாகானோ நகரில் ஸ்னோபோர்டிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, ஆண்களுக்கு எத்தனை பந்தயங்களோ அத்தனையே பெண்களுக்கும் இருந்தன. போட்டிக்கு விதிமுறை என்று ஒன்று உண்டு. விதிமுறை இருக்கும் இடத்தில் 'எங்களுக்குச் சமபங்கு எங்கே?' என்று கேட்பதற்கு வழியும் உண்டு. படத்திற்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. யார் யாரை அழைக்கிறார்களோ அவர்களே அதில் வருவார்கள். இயக்குநர் தமக்குப் பழக்கமானவர்களை அழைக்கிறார். அவர்கள் தங்கள் நண்பர்களைப் பரிந்துரைக்கிறார்கள். ஹெலிகாப்டரில் நான்கு பேருக்குத்தான் இடம் என்னும்போது ஐந்தாவது ஆசாமி யார் என்று எவரும் கேட்பதில்லை. இதில் துவேஷம் ஏதும் இருக்கவேண்டியதில்லை, பழக்கமே போதும். பாரபட்சங்களுள் திருத்துவதற்கு மிகவும் கடினமானது, மனத்தில் கெடுதல் எண்ணாமலே நிகழும் இவ்வகைப் பாரபட்சம்தான். இதற்கு அடுத்த வீடான, இரண்டு கட்டைகளின்மேல் சறுக்கும் ஸ்கீ விளையாட்டின் படவுலகிலும் இதே கதைதான். பெண்கள் மட்டும் தோன்றும் 'பிரிட்டி ஃபேசஸ்' என்ற ஸ்கீ படத்தை 2014இல் வெளியிட்ட லின்ஸி டயர், அதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, ஸ்கீ ஆடுவோரில் நூற்றுக்கு 40 பேர் பெண்களாயிருக்க, பெரிய ஸ்கீ படங்களில் தோன்றுவோரில் நூற்றுக்கு 14 பேரே பெண்கள் என்று ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார்.

ஆண்கள் குழுவின் படத்தில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கவே இல்லையா என்றால், கிடைத்ததுண்டு. விக்டோரியா ஜலூஸ் 1990களில் ஸ்டாண்டர்டு ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் படங்களில் அலாஸ்காவின் செங்குத்தான முகடுகளில் இறங்கிக் காட்டியது இத்துறையின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். நம் எழுவரில் அன்னி பூலாஞ்ஜே அப்சிந்த் ஃபிலிம்ஸ் படங்களில் ஆண்களோடு சமமாகச் சறுக்கி இடம் பிடித்தவர். எனினும் அந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனம் பெரும்பாலும் ஒன்றே. ஓர் ஆண்டில் ஒருத்திக்கு அது கிடைத்தால் மற்றவளுக்கு இல்லை. ஆகவே தோழிகளாக இருந்திருக்க வேண்டியவர்கள் போட்டியாளர்களாக நின்றார்கள். 2000களில் பெண்களே சேர்ந்து தங்களுக்கென்று படங்கள் எடுக்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம். மிஸ்சீஃப் ஃபிலிம்ஸ் 2005இல் வெளியிட்ட 'ஆஸ் இஃப்' போன்ற முயற்சிகள் அக்காலத்தவை. 'ஃபுல் மூன்' அந்தப் பரம்பரையில் பிறந்தது. ஆனால் இடமும் காலமும் பணமும் முன்னவற்றினும் தாராளமாக வாய்க்கப்பெற்றது.

இனி, இப்படத்தின் குணங்களைப் பார்ப்போம். முதற்குணம் திரையில் நேராகத் தெரிவதன்று. அதைக் காண்பதற்கு, ஒரு தாவல் எவ்வாறு படமாகிறது என்ற விஷயத்தை அருகில் நின்று கவனிக்கவேண்டும்.

பனிச்சறுக்கு விடுதிகளின் எல்லைக்கு அப்பால், இழுவைக் கம்பியும் காவலும் இல்லாத மலைக்காட்டுக்கு வீராங்கனையர் விடியுமுன் ஸ்னோமொபைலில் புறப்படுகிறார்கள். அந்த வண்டி இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. புதுப்பனியில் புதைந்துவிட்டால் மண்வெட்டியால் தோண்டித் தோளால் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். வண்டியை ஓட்டத் தெரியாதவளுக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லை. போய்ச் சேர்ந்தபின், வழிகாட்டி பனியில் ஒரு குழி தோண்டி, அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பனியில் எந்த அடுக்கு பலவீனமானது, எது வழுக்கிப் பனிச்சரிவாக இறங்கக்கூடும் என்று விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒவ்வொருவரும் மார்பில் சமிக்ஞைக் கருவி கட்டியிருக்கிறார்கள். முதுகுப்பையில் மண்வெட்டியும், புதைந்தவரைக் குத்தித் தேடும் நீளக் கம்பியும் இருக்கின்றன. பிறகு 'கிக்கர்' என்று அவர்கள் வழங்கும் தாவுமேட்டைக் கட்டத் தொடங்குகிறார்கள். பனியைக் கட்டிகளாக வெட்டி அடுக்கி, இடுக்குகளில் பொடிப்பனியைத் திணித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி, மேல்நோக்கி வளையும் முகப்பை வழித்து எடுப்பதற்குள் பல மணி நேரம் கழிந்துவிடும். எல்லாம் முடிந்தபின், தாவுவதற்கு வாய்ப்பது சில தடவைகளே. இறங்கும் சரிவில் ஒருவர் விழுந்தால் அங்கே குண்டு வெடித்தாற்போன்ற பள்ளம் ஏற்படுகிறது; அடுத்தவர் அப்பள்ளத்தைத் தவிர்க்கவேண்டும்; நான்கைந்து பேர் இறங்கியபின் அந்த இடம் படத்திற்கு உபயோகப்படாது. சூரியன் வேறு நகர்ந்துகொண்டே இருக்கிறான்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு கேள்விகளே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன: மேடு யாருடைய வேகத்துக்குக் கட்டப்படுகிறது? முதலில் தாவுகிறவர் யார்? சரிவில் இறங்குகையில் பனியின் உராய்வு உடல் எடைக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றின் தடையோ எடையைப் பொறுத்தன்று. ஆகவே ஒரே சரிவில், எடை மிகுந்தவர் சற்று அதிக வேகத்தையும் எடை குறைந்தவர் சற்றுக் குறைந்த வேகத்தையும் பெறுவது இயற்கையின் நியதி. எண்பது கிலோ எடையுள்ள இளைஞரை உத்தேசித்துக் கட்டிய மேட்டில் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண் தாவினால், அவள் இன்னும் உயரத்திலிருந்து புறப்படவேண்டும்; புறப்படும் இடம் மலையின் உச்சியே என்றால் அதற்கும் வழியில்லை. சரிவை எட்டாமல், மேட்டுக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள தட்டையான பகுதியிலேயே இறங்கி, முழங்காலை ஒடித்துக்கொள்ள நேரும். தமையனுக்குத் தைத்த சட்டையைத் தங்கைக்கு மாட்டிவிட்டு, 'உனக்குப் பொருந்தவில்லையே' என்று அவளையே குறை சொல்வது போன்ற கதை இது. இதைப் பார்த்தவர்கள் 'பெண்களால் பெரிய தாவல் முடியாது' என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் அடுத்த அழைப்பையும் தடுத்தது.

'ஃபுல் மூன்' இந்தச் சக்கரத்தை நடுவில் நிறுத்தியது. எழுவரும் தங்கள் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப மேடு கட்டிக்கொண்டார்கள். காலை வெளிச்சமும் தீண்டாத பனியும் அவர்களுக்கே முதலில் கிடைத்தன. இன்று தாவலாமா, வேண்டாமா என்பதையும் தங்களுக்குள்ளேயே கலந்து முடிவு செய்தார்கள். விளைவைத் திரையில் பிரத்தியட்சமாகக் காணலாம். சறுக்குதலில் பதற்றம் இல்லை. வேறொருவர் காத்திருக்கும்போது அவசரமாகச் செய்துமுடிக்கப்பட்ட செயலின் சாயல் எங்கும் இல்லை. நிதானமாகத் தொடங்கி, முழுவீச்சில் சென்று, தெளிவாக முடிகிற ஒரு பாணி எழுவருக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது. இது பெண்மையின் இயல்பான நளினம் என்று யாராவது சொல்வாரானால் அது தவறு. போதிய நேரமும் ஏற்ற மேடும் வாய்த்தால் எவருக்கும் உண்டாகும் நிதானம் இது.

இரண்டாவது குணம் முதிர்ச்சி. பனி விளையாட்டுப் படங்கள் பொதுவாக இருபது வயதுக்காரர்களைக் கொண்டாடுகின்றன. இப்படத்தில் பெலோசி, பீமன், ருவா முதலியோர் அப்போது முப்பதைக் கடந்தவர்கள். மைதானத்தில் கட்டிவைத்த மேடுகளில் சுழல்வதற்கு இளமையும் தைரியமும் போதும். மலைக்காட்டில் இறங்குவதற்கோ, எந்த முகட்டில் காற்று பனியை அடைத்துவைத்திருக்கும், எந்தப் பாறையின் அடியில் குழி இருக்கும், எந்நேரத்தில் வெயில் பனியைக் கனக்கச் செய்யும் என்றெல்லாம் அறிந்திருக்கவேண்டும். இந்த அறிவு ஆண்டுக்கணக்கில் சேருவது. போட்டி வெற்றி இந்த அறிவுக்கு ஈடாகாது என்பதற்கு ஜேமி ஆண்டர்சன் நல்ல உதாரணம். 2014இல் சோச்சியில் ஸ்லோப்ஸ்டைல் பந்தயம் ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது தங்கம் வென்றவர் அவர். 2018இல் பியோங்சாங்கிலும் அதே தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். போட்டியுலகில் அவருக்கு நிகரில்லாத அந்தக் காலத்திலேயே, இப்படத்தில் அவர் எழுவரில் ஒருவர், அவ்வளவே. பட்டமும் பதக்கமும் மலையிடம் செல்லுபடியாகாது என்பதை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே இந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

மூன்றாவது குணம் நன்றியுணர்வு. தமக்கு முன்னே பாதை வெட்டியவர்களின் தலைமுறையை நினைவுகூர்வதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக இப்படம் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு பழையதை மறந்து புதியதைத் துரத்துகின்ற விளையாட்டில் இது அபூர்வமானது. ஆண்களின் சரித்திரத்தை ஏராளமான படங்களும் பத்திரிகைகளும் பாதுகாத்து வைத்திருக்கின்றன. பெண்களின் சரித்திரமோ இருந்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் தங்கி, அவர்கள் ஓய்வு பெற்றதும் மறைந்துவிடும் அபாயத்தில் இருந்தது. ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் 'நானே முதல்வி' என்று எண்ணிக்கொண்டு மறுபடியும் அடியிலிருந்தே ஏறவேண்டிய துர்ப்பாக்கியத்திற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

குணங்களை இவ்வளவு விரிவாகச் சொன்னபின், குற்றங்களை மறைப்பது நேர்மையாகாது. மேலே கடைசியாகச் சொன்ன குணத்திலிருந்தே முதற்குற்றம் கிளைக்கிறது. நன்றி சொல்வது வேறு, சரித்திரம் எழுதுவது வேறு. முன்னோடிகளைப் பற்றி இப்படம் பேசும்போது போற்றுதல் மிகுந்தும் விவரம் குறைந்தும் காணப்படுகின்றது. டீனா பாசிச்சும் ஷானன் டன்னும் தோழி ஒருத்தியைப் புற்றுநோய் தாக்கியபோது, மற்ற நண்பர்களுடன் சேர்ந்து 1996இல் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஒரு ஸ்தாபனத்தையே தோற்றுவித்தார்கள். பாரெட் கிறிஸ்டி என்னும் வீராங்கனை 1997இல் நடந்த முதலாவது குளிர்கால எக்ஸ் கேம்ஸ் போட்டியில் தங்கம் வென்றார். இத்தகைய முன்னோடிகளுக்குச் சம்பளம் எவ்வளவு கிடைத்தது, யார் மறுத்தார்கள், எந்த வாதத்தால் கம்பெனிகளை இணங்கவைத்தார்கள், எந்தத் தோல்வியால் எதைக் கற்றார்கள் என்பன போன்ற கேள்விகளே அடுத்த தலைமுறைக்குப் பயன்படக்கூடியவை. போராட்டத்தின் விவரத்தை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் வணங்கினால், அந்த வெற்றி விதிவசத்தால் வந்தது போலத் தோன்றிவிடும்.

இரண்டாவது குற்றம் உழைப்பை மறைத்தது. இப்படத்தின் உயிர் அந்த மண்வெட்டியில் இருக்கிறது என்று மேலே கண்டோம். ஆனால் பார்வையாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது முடிந்த தாவல்தான். இதற்குக் காரணம், 2011இல் 'தி ஆர்ட் ஆஃப் ஃபிளைட்' என்னும் ரெட் புல் படம் நிலைநாட்டிய ஒரு காட்சி இலக்கணம். ஹெலிகாப்டரிலிருந்து மலைத்தொடரைச் சுற்றிவரும் பார்வை, பனித்துகள் ஒவ்வொன்றும் தெரியும்படி மெதுவாக்கப்பட்ட இயக்கம், முகடுகளின்மேல் மேகம் விரைந்தோடும் காட்சி ஆகியவற்றின் வசீகரம் அதற்குப் பின் வந்த எந்த மலைப்படத்தையும் விட்டுவைக்கவில்லை. 'ஃபுல் மூன்' அந்த இலக்கணத்தைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டது. இயக்கத்தை மெதுவாக்கினால் அழகு கூடுகிறது என்பது மெய். ஆனால் வேகம் மறைகிறது, வேகம் மறைந்தால் ஆபத்தும் மறைகிறது, ஆபத்து மறைந்தால் அதை வென்ற சாமர்த்தியமும் மறைகிறது. பெண்களின் சறுக்கலை 'அழகு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழைய வழக்கத்திற்கு, அவர்களே எடுத்த படமும் அறியாமல் துணைபோவது வருந்தத்தக்கது. மேடு கட்டும் நான்கு மணி நேரத்திலிருந்து நான்கு நிமிஷத்தை எடுத்துக் காட்டியிருந்தால், எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அது செய்திருக்கும்.

பிரசங்கத்தைப் பற்றிப் பேசுகையில் மூன்றாவது குற்றம் நினைவுக்கு வருகிறது. தன்னம்பிக்கை, சக்தி, சகோதரத்துவம் முதலியவற்றைப் பற்றிப் பின்னணிக் குரல்களில் வரும் வாசகங்கள் தம்மளவில் நியாயமானவை. ஆயினும், அவை வரும் இடங்களில் காட்சி ஏற்கெனவே அதைச் சொல்லிவிட்டது. அன்னி பூலாஞ்ஜே போன்ற ஒருவர் சரிவில் இறங்குவதைக் கண்ட பிறகு 'பெண்களாலும் முடியும்' என்ற வாக்கியம் யாருக்குத் தேவை? நம்பாதவர்களுக்குச் சொன்னதென்றால் அவர்கள் இப்படத்தைப் பார்க்க வரப்போவதில்லை. நம்புகிறவர்களுக்கென்றாலோ அது மிகை. மேலும், 'முடியும்' என்று நிரூபிக்க முற்படுகிறவர் சந்தேகப்படுகிறவரின் நீதிமன்றத்தை அங்கீகரித்துவிடுகிறார். ஆண்கள் படம் எதையும் நிரூபிக்க முயலுவதில்லை. நேராக ஆட்டத்தில் இறங்கிவிடுகிறது. அந்த அலட்சியமான ஸ்வாதீனம் இவர்களுக்கும் உரியதே.

நான்காவது குற்றம் வட்டத்தின் சுருக்கம். எழுவரும் கனடாவையோ அமெரிக்காவையோ சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் நெடுநாள் தோழிகள். எல்லோரும் ஏற்கெனவே புகழ் பெற்றவர்கள். இவர்கள் தேர்ந்துகொண்ட களமும் மலைக்காடு. ஸ்னோமொபைல், எரிபொருள், வழிகாட்டி, சில சமயம் ஹெலிகாப்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும் களம் அது. நகரத் தெருக்களில் படிக்கட்டுக் கைப்பிடிகளின்மேல் சறுக்கும் வகை ஒன்று உண்டு. பணமில்லாத இளைஞர்களின் பள்ளிக்கூடம் அது. அதற்கு இப்படத்தில் முக்கிய இடமில்லை. ஆண்கள் தங்கள் நண்பர்களை மட்டும் அழைத்தார்கள் என்று முன்னே குறை கூறினோம். பெண்களும் தங்கள் நண்பர்களை மட்டும் அழைத்தால், அழைக்கப்படாதவளுக்கு வித்தியாசம் என்ன தெரியப்போகிறது? எழுவருக்கும் இடம் தரவேண்டும் என்ற நியாயமான எண்ணம் படத்தின் அமைப்பையும் ஓரளவு தளர்த்திவிட்டது என்பதை இதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒவ்வொருவரின் பகுதியும் தனித்தனியே சிறந்திருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிச்செல்லும் ஆரோகணம் போதிய அளவு அமையவில்லை.

பெண்களுக்கென்று தனிப்படம் எடுப்பதே தவறல்லவா, அது பிரிவினையை நிலைப்படுத்தாதா என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. இதை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. தனி அறை கட்டிக்கொடுத்தால் பெரிய கூடத்தின் சொந்தக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். 'உங்களுக்குத்தான் ஒரு படம் இருக்கிறதே' என்று சொல்லி, இருந்த ஒற்றை ஆசனத்தையும் எடுத்துவிடலாம். ஆயினும், பெரிய கூடத்தில் கிடைத்தது ஓர் ஆசனமே என்பதையும், அங்கே மேடும் வெளிச்சமும் வேறொருவர் அளவுக்கே அமைந்தன என்பதையும் முன்னே பார்த்தோம். எழுவர் ஒருசேரக் கற்றுக்கொள்ளவும், ஒருத்தி விழுந்ததைக் கண்டு மற்றவள் திருத்திக்கொள்ளவும், நிர்வாகம் செய்யவும், இயக்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? தனி அறை முடிவான இருப்பிடமாகிவிட்டால் அது தோஷம். பயிற்சிக்கூடமாக இருந்தால் குணம். எது நேர்ந்தது என்பதைப் பின்விளைவுகளைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

பின்விளைவுகளில் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, 2018இல் வெளிவந்த 'தி அன்இன்வைட்டட்'. இதை உருவாக்கிய ஜெஸ் கிமுரா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்தவர். தெருச் சறுக்கலில் பயங்கரமான விழுகைகளுக்கும் அவற்றிலிருந்து எழுந்து மறுபடியும் முயன்றதற்கும் பெயர் பெற்றவர். அவர் தம் படத்தில் புகழ்பெற்றவர்களைத் திரட்டவில்லை. திறமையிருந்தும் எவரும் அழைக்காத இளம்பெண்களைத் திரட்டினார். அழைப்பில்லாதவர்கள் என்று பொருள்படும் பெயரையே படத்திற்கும் வைத்தார். களம் மலைக்காடன்று; இரும்புக் கைப்பிடியும், சிமென்ட் சுவரும், ரப்பர் கயிற்றால் இழுத்துவிடும் ஓட்டமும்தான். பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. விழுவதை இப்படம் மறைக்கவில்லை; முதுகு சிமென்டில் மோதும் ஓசை கேட்கிறது. 'ஃபுல் மூன்' விட்ட இடங்களான வட்டத்தின் சுருக்கத்தையும் உழைப்பின் மறைவையும், தெரிந்தோ தெரியாமலோ, இது இட்டு நிரப்பியது. மறுபுறம், 'ஃபுல் மூனில்' உள்ள காட்சியின் தேர்ச்சியும், மலையைப் படிக்கும் முதிர்ந்த அறிவும் இதில் இல்லை. ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல், ஒன்றையடுத்து மற்றொன்றாகப் பார்ப்பதே முறை.

இரண்டாவது விளைவு போட்டியுலகில் நிகழ்ந்தது. டிராவிஸ் ரைஸ் தோற்றுவித்த நேச்சுரல் செலக்ஷன் என்னும் போட்டித் தொடர், கட்டிவைத்த மைதானத்தை விட்டு இயற்கை மலையிலேயே நடப்பது. 2021இல் அதன் இறுதிச்சுற்று அலாஸ்காவில் நடைபெற்றபோது, பெண்களுக்கான பட்டத்தை வென்றவர் ரோபின் வான் கின். மைதானப் போட்டிகளில் அவர் பெரிய பெயர் பெற்றவர் அல்லர். அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் படமெடுப்பதிலேயே கழிந்தது. இவ்வெற்றிக்கு 'ஃபுல் மூன்' ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆயினும், படத்துக்காகக் காட்டுமலையில் செலவிட்ட குளிர்காலங்கள் வெறும் அலங்காரமல்ல, ஆழ்ந்த பயிற்சியே என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. அதே மலையில், அதே தொடரில், ஆண்களும் பெண்களும் பட்டத்திற்குப் போட்டியிடும் நிலை ஏற்பட்டிருக்கிறது. தனி அறை சுவராகிவிடவில்லை, வாசலாகவே இருந்திருக்கிறது.

இவ்வளவையும் சீர்தூக்கினால், 'ஃபுல் மூன்' படத்தில் குணமே மிகுந்து நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவு. ஆனால் எந்தக் குணம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெண்களாலும் முடியும் என்று அது அறிவித்ததற்காக அதனைப் பாராட்டுவது, அதன் பலவீனமான பகுதியைப் பாராட்டுவதாகும். மேட்டை யார் அளவுக்குக் கட்டுவது, முதலில் தாவுவது யார், இன்று மலை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்று தீர்மானங்களையும் சறுக்குகிறவர்களின் கைக்கே கொண்டுவந்ததுதான் அது செய்த காரியம். அந்தக் காரியத்தைத் திரையில் காட்டாமல் விட்டது அதன் பெருங்குறை. இனி இவ்வகைப் படம் எடுப்பவர்கள் பின்னணிக் குரலைச் சற்றுக் குறைத்து, மண்வெட்டிகள் பேசுவதற்கு இடம் விடுவார்களானால், அடுத்த படத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு 'பெண்கள் படம்' என்ற அடைமொழியைத் தலைப்பில் சேர்க்கவேண்டிய தேவை இராது.